நல்ல மணி நேரத்தைப் புதியவருக்குக் கொடுங்கள்

கேள்வியின் சாரம் இது: கோத்தகிரியில் ஒரு சிறு ஹாம் (அமெச்சூர் வானொலி) குழு இருக்கிறது. கல்லூரி மாணவர்கள், ஒரு பள்ளி ஆசிரியை, தேயிலைத் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் எனச் சிலர் தேர்வெழுதி உரிமம் வாங்கினார்கள். அக்டோபர் கடைசியில் நடந்த கான்டெஸ்டுக்கு, அதாவது குறித்த நேரத்துக்குள் எத்தனை நிலையங்களோடு பேச முடியும் என்ற வானொலிப் போட்டிக்கு, ஆர்வமாக வந்தார்கள். அடுத்ததற்கு யாரும் வரவில்லை. புதியவர்களை எப்படி வரவைப்பது, வந்தவர்களை எப்படித் தக்கவைப்பது?

வரவைப்பதில் உங்களுக்குச் சிரமம் இல்லை, ஒரு முறை வந்திருக்கிறார்களே. தக்கவைப்பதில்தான் சிக்கல். முதலில் அந்த அக்டோபர் லாக்கை (தொடர்புப் பதிவேட்டை) திறந்து ஒன்றை மட்டும் பாருங்கள். புதியவர்கள் கையில் மைக் இருந்தது எத்தனை மணிக்கு? அந்த நேரத்தில் எத்தனை தொடர்பு விழுந்தது?

பல குழுக்களில் நடப்பது ஒரே மாதிரிதான். மூங்கில் தூக்குவது, கயிறு கட்டுவது, கேபிள் இழுப்பது எல்லாம் புதியவர்கள். சனிக்கிழமை காலை 5:30க்குப் போட்டி தொடங்கியதும் நாற்காலியில் உட்காருவது மூத்தவர்கள். பேண்ட் (அலைவரிசைத் தொகுதி) நன்றாகத் திறந்திருக்கும், அதாவது தொலைதூரம் எட்டும், பகல் முழுக்க அவர்கள் ஓட்டுகிறார்கள். புதியவர்கள் பின்னால் நின்று பார்க்கிறார்கள். இரவு 2 மணிக்கு மூத்தவருக்குத் தூக்கம் வரும்போது, "தம்பி, நீ கொஞ்ச நேரம் பாரு" என்று மைக் கைமாறுகிறது. அப்போது 20 மீட்டர் பேண்ட் மூடியிருக்கும், 40 மீட்டரில் இடிச் சத்தம் கரகரவென்று கேட்கும். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டி, இரண்டு மணி நேரத்தில் எட்டோ பத்தோ தொடர்பு. அந்தப் பையன் அடுத்த முறை வராததில் வியப்பில்லை.

ஆகவே என் பதில் ஒரே வரிதான்: ஆண்டுக்கு ஒரு போட்டியையாவது குழுவின் ஸ்கோருக்காக இல்லாமல் புதியவர்களுக்காகவே நடத்துங்கள், அந்தப் போட்டியில் நல்ல நேரம் முழுவதும் அவர்களுக்கு, செத்த நேரம் மூத்தவர்களுக்கு. மற்றதெல்லாம் இதைச் செய்து முடிப்பதற்கான வேலைதான்.

நீலகிரியில் நல்ல நேரம் என்பது எது? சிக்யூ வேர்ல்ட்வைட் எஸ்எஸ்பி (குரல் வழி) போட்டியை எடுத்துக்கொள்வோம். அக்டோபரின் கடைசி முழு வார இறுதி, 48 மணி நேரம், உலகப் பொது நேரமான யூடிசிப்படி சனி 0000 முதல் ஞாயிறு 2359 வரை. நம் நேரப்படி சனி காலை 5:30 முதல் திங்கள் காலை 5:29 வரை. பொதுவாகக் காலை 6:30 முதல் 9:30 வரை 15, 10 மீட்டர்களில் ஜப்பானும் கிழக்காசியாவும் பசிபிக்கும் வரும். பகல் 1 மணி வாக்கில் அதே பேண்டுகள் ஐரோப்பா பக்கம் திறக்கும். மாலை 6 வரை, சூரியச் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளில் அதற்குப் பிறகும் தாங்கும். இருட்டிய பின் 20 மீட்டர், அதன் பின் 40 மீட்டர். இந்தப் போட்டியில் வேறு கண்டத்துக்குப் பேசினால் 3 புள்ளி, ஆசியாவுக்குள் வேறு நாட்டுக்கு 1 புள்ளி. அதனால் பகல் 1 முதல் 6 வரையான ஐந்து மணி நேரம்தான் தங்கம். மூத்தவர்கள் விட்டுக்கொடுக்க மனம் வராத நேரமும் அதுதான். அதைத்தான் கொடுக்கச் சொல்கிறேன்.

இதில் நம்மிடம் ஒரு பெரிய சொத்து இருக்கிறது. இந்தப் போட்டிக்கு உலகைச் சிக்யூ மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், இந்தியா மண்டலம் 22. இலங்கை, மாலத்தீவு, நேபாளம், பூடான், வங்கதேசம், லட்சத்தீவு ஆகியவையும் இதே மண்டலம். மொத்தத்தில் போட்டி நேரத்தில் இங்கிருந்து ஒலிக்கும் நிலையங்கள் குறைவு. ஐரோப்பிய நிலையத்துக்கு வியூ எனத் தொடங்கும் ஒரு இந்திய அழைப்புக்குறி கிடைத்தால் அந்த பேண்டில் நாடு ஒரு மல்டிப்ளையர் (மொத்தப் புள்ளியைப் பெருக்கும் எண்), மண்டலம் இன்னொரு மல்டிப்ளையர். அதனால் 100 வாட்டும் ஒரு வயர் ஆன்டெனாவும் மட்டுமே இருந்தாலும் அவர்களே நம்மைத் தேடி வருவார்கள். ஜெர்மனியில் இருக்கும் புதியவருக்கு முதல் நாளே பைல்-அப், அதாவது பலர் ஒரே நேரத்தில் தன்னைக் கூப்பிடும் கூட்டம், கிடைக்காது. கோத்தகிரியில் இருக்கும் புதியவருக்குக் கிடைக்கும். அந்த அனுபவம் முதல் நாளிலேயே கிடைத்துவிட்டால் அவரை நீங்கள் மறுபடி அழைக்க வேண்டியிருக்காது.

இன்னொரு காரணமும் மலைக்கே உரியது. இருட்டிய பின் கோத்தகிரிச் சுற்றுவட்டாரத்தில் கரடியும் காட்டெருமையும் தேயிலைத் தோட்டப் பாதைகளில் நடமாடுகின்றன. மாலை 6:30க்கு மேல், காலை 6:30க்கு முன் யாரையும் நடந்து வரச் சொல்லக் கூடாது. பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்பவும் மாட்டார்கள். நல்ல நேரமும் பத்திரமான நேரமும் ஒன்றாக அமைவது நமக்கு வசதி. ஷிப்டு அட்டவணையைப் பெற்றோரிடம் முன்கூட்டியே கொடுங்கள்: எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு யார் வண்டியில் திரும்புவார்கள் என்று எழுதி. ஞாயிறு மாலையோடு மாணவர்கள் கிளம்பிவிட வேண்டும். திங்கள் காலை 5:29 வரை பிடிப்பது மூத்தவர்கள் வேலை.

ஷிப்டு ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் காது களைத்து, அழைப்புக்குறியைத் தவறாக எழுதத் தொடங்குவார்கள். முதல் பத்து நிமிடம் தேடிப் பிடித்துப் பேசட்டும். பிறகு ஒரு அலைவரிசையில் நின்று சிக்யூ (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) கூப்பிடட்டும். தேடிப் பிடிக்கும்போது ஒழுங்கு இதுதான்: எதிர் நிலையத்தின் அழைப்புக்குறியை இரண்டு முறை கேட்டு உறுதி செய்து லாக்கில் அடித்துவிட வேண்டும். அவர் அனுப்பும் மண்டல எண்ணையும் முன்பே கேட்டு வைக்க வேண்டும். அதன் பிறகுதான் மைக்கைத் தொட வேண்டும். தன் அழைப்புக்குறியை ஒரே முறை, ஃபொனெடிக்கில் (எழுத்துக்கு ஒரு சொல்லாக) சொல்லி நிறுத்த வேண்டும். அவருடைய அழைப்புக்குறியைத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. "காலிங் யூ", "ப்ளீஸ் காப்பி" எதுவும் வேண்டாம். நாம் நீட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் இன்னொருவருக்குப் பதில் சொல்லியிருப்பார்.

சிக்யூ கூப்பிட்டு ஓட்டும்போது ஒரு தொடர்பு இப்படிப் போகும்:

"சிக்யூ கான்டெஸ்ட், விக்டர் யூனிஃபார்ம் டூ…, கான்டெஸ்ட்."

கூட்டமாகப் பல குரல்கள். அதில் "…லிமா சிக்ஸ்…" என்று ஒரு துண்டு மட்டும் பிடிபடுகிறது.

"லிமா சிக்ஸ்?"

அவர் முழு அழைப்புக்குறியையும் சொல்கிறார். புதியவர் அதை அடித்துக்கொண்டே திருப்பிச் சொல்லி, "ஃபைவ் நைன் டூ டூ" என்கிறார் (59 சிக்னல் தரம், 22 நம் மண்டலம்).

"ஃபைவ் நைன் ஒன் ஃபோர்."

"தேங்க் யூ, விக்டர் யூனிஃபார்ம் டூ…"

பத்துப் பன்னிரண்டு விநாடியில் முடிந்துவிடும். இதில் புதியவர் தடுமாறும் இடம் ஒன்றே ஒன்று: முழு அழைப்புக்குறியும் ஒரே தடவையில் கேட்க வேண்டும் என்று நினைத்து, கேட்காததால் "கியூஆர்இசட்?" (யார் கூப்பிடுகிறீர்கள்?) என்று பொதுவாகக் கேட்பது. அப்படிக் கேட்டால் கூட்டம் முழுவதும் மறுபடி கத்தும். இரண்டு எழுத்து கேட்டாலும் போதும், அந்த இரண்டு எழுத்தை உரக்கச் சொல்லிக் கேள்வி கேட்டால் மற்றவர்கள் நிறுத்துவார்கள். இந்த ஒரு பழக்கத்தை முந்தின வாரமே ஊற வைத்துவிடுங்கள்.

யாராவது டிஎக்ஸ் கிளஸ்டர் என்ற இணைய அறிவிப்புப் பட்டியலில் உங்கள் அலைவரிசையைப் போட்டுவிட்டால் திடீரென்று சுவர் மாதிரி இரைச்சல் எழும். புதியவர் முகம் வெளிறும் நேரம் அது. அப்போது மூத்தவர் மைக்கை வாங்கக் கூடாது. ஆர்எஃப் கெயினை (ரிசீவரின் உணர்திறனை) குறைக்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் சிக்னலைத் தணிக்கும் அட்டென்யூவேட்டரைப் போடச் சொல்லுங்கள். பலவீனமான குரல்கள் கீழே போய், பலமான நாலைந்து பேர் தனித்தனியாகப் பிரிந்து கேட்பார்கள். அவர்களை ஒவ்வொருவராக எடுத்து முடித்தபின் கெயினை மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.

பக்கத்தில் உட்காரும் மூத்தவருக்கு என்று சில கட்டுப்பாடுகள் தேவை. குழுக் கூட்டத்தில் இதை வெளிப்படையாகப் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். தொடர்பு நடந்துகொண்டிருக்கும்போது வாய் திறக்கக் கூடாது. காதில் ஒரு குரல், பக்கத்தில் இன்னொரு குரல் என்றால் யாராலும் கேட்க முடியாது. ஒரு சிறு வெள்ளைப் பலகையோ துண்டுக் காகிதமோ வைத்து, கேட்ட எழுத்தை மட்டும் எழுதிக் காட்டலாம். திருத்தம் சொல்வதை இரண்டு சிக்யூவுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். தவறாக எழுதிவிட்டாரா? குறித்து வைத்து, ஷிப்டு முடிந்தபின் சொல்லுங்கள். காற்றலையில் எல்லார் காதிலும் விழும்படி புதியவரைத் திட்டுவது ஒரே நாளில் ஆளை விரட்டும் வழி. அப்படிச் செய்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும் அவருக்குப் பயிற்சிப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள்.

இருவரும் ஒரே ஒலியைக் கேட்க வேண்டும். அதற்கு 3.5 மிமீ ஸ்பிளிட்டர் ஒன்றும் இரண்டு ஹெட்போன்களும் போதும். ஸ்பீக்கரில் கேட்டால் வீட்டு இரைச்சலில் பாதி எழுத்து போய்விடும். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு விசைப்பலகை அடிப்பது புதியவருக்குப் பெரும்பாடு. பூம் மைக் உள்ள ஹெட்செட்டும் கால் சுவிட்சும் இருந்தால் இரண்டு கையும் லாக்குக்குக் கிடைக்கும்.

லாக் மென்பொருளாக என்1எம்எம் லாக்கர் பிளஸ் இலவசம், விண்டோஸில் ஓடும். அதில் எஃப்1 விசைக்குச் சிக்யூ குரல் பதிவை இணைக்கலாம். முந்தின மாலையே ஒவ்வொரு புதியவரையும் தன் சொந்தக் குரலில் சிக்யூ, ரிப்போர்ட், நன்றி மூன்றையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். மூத்தவர் குரலில் சிக்யூ போய், பதில் புதியவர் குரலில் வந்தால் எதிர் முனையில் குழப்பம். அதைவிட முக்கியம், உலகத்துக்குப் போவது தன் குரல் என்பது அவருக்குத் தெரியும். பதிவு செய்யும்போது ஒலி அளவு மிகுந்து, அதைக் காட்டும் ஏஎல்சி முள் எல்லை தாண்டினால் குரல் சிதறி, எதிர் முனையில் எழுத்து புரியாது. ஆள் மாறும்போது கன்ட்ரோல்-ஓ அழுத்தி அவரவர் அழைப்புக்குறியைக் கொடுக்க மறக்காதீர்கள். பிறகு யார் எத்தனை தொடர்பு செய்தார் என்பது லாக்கிலிருந்தே பிரிந்து கிடைக்கும். மணிக்கு 60 என்ற வேகத்தை ஒரு புதியவர் தொட்டுவிட்டால் அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

மண்டல எண்ணை மென்பொருள் தானே நிரப்பும். அதை நம்பி எதிரில் சொல்வதைக் கேட்காமல் விடுவது இன்னொரு வழக்கமான தவறு. அமெரிக்காவில் மட்டுமே 3, 4, 5 என மூன்று மண்டலங்கள், ரஷ்யாவிலும் பல. காதில் விழுந்ததைத்தான் எழுத வேண்டும். தவறாக எழுதிய தொடர்பு சரிபார்ப்பில் கழிவதோடு, அழைப்புக்குறியே தப்பாக இருந்தால் கூடுதல் புள்ளியும் அபராதமாகப் போகும்.

முன்தயாரிப்பில் உச்சரிப்புக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். நம் ஆட்கள் வேகமாகச் சொல்லி, கடைசி அசையை விழுங்கிவிடுகிறார்கள். "யூனிஃபார்ம்" என்பது "யூனிபா" என்று முடிந்தால் கரகரப்பில் எதுவும் மிஞ்சாது. "விக்டர்", "விஸ்கி" இரண்டின் தொடக்கமும் நம் வாயில் ஒன்றாகவே வருகிறது. நல்லவேளை, பின்பாதி வேறு, அதை முழுதாகச் சொன்னால் போதும். "ட்வென்டி டூ" என்பதைவிட "டூ டூ" தெளிவு. குரலை உயர்த்துவதால் பயனில்லை. ஒரே சுருதியில், ஒரே வேகத்தில் சொன்னால்தான் எதிர் முனையில் எடுக்க முடியும். வாரம் ஒரு நாள் 2 மீட்டர் கையடக்கக் கருவிகளில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி ஆட்கள் சேர்ந்து இருபது நிமிடம் போலிப் போட்டி நடத்தலாம்: அழைப்புக்குறி, 59, வரிசை எண். வரிசை எண்ணை உரக்கச் சொல்லிப் பழகினால் வரிசை எண் பரிமாறும் சிக்யூ டபிள்யூபிஎக்ஸ் போட்டிக்கும் அது உதவும்.

தேர்வெழுதி அழைப்புக்குறிக்குக் காத்திருப்பவர்கள் பலர் அந்த மாதங்களில்தான் காணாமல் போகிறார்கள். அவர்களுக்கு மைக் கொடுக்க முடியாது. இயக்குபவர் கட்டாயம் சான்றிதழ் உள்ளவராக இருக்க வேண்டும், அவரவர் தரத்துக்கான பேண்ட், முறை, வாட் வரம்புக்குள் நிற்க வேண்டும். ஆனால் கேட்பதற்குத் தடையில்லை. போட்டி நாளில் இணையவழி கிவி எஸ்டிஆர் ரிசீவர் ஒன்றைத் திறந்து, ஒரு மணி நேரம் கேட்டு, காதில் விழுந்த அழைப்புக்குறிகளைக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். குழுவின் லாக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் காது எங்கே தவறுகிறது என்பது அவருக்கே தெரியும். உரிமம் வரும் நாளில் அவர் பாதிப் போட்டியாளர் ஆகியிருப்பார்.

இனி நிலையம். புதியவர் நாற்காலியில் இருக்கும்போது கருவி மக்கர் செய்தால் தன் தவறு என்றே நினைப்பார். அதனால் எளிமையாகவும் உறுதியாகவும் இருக்கட்டும். பல ஆபரேட்டர், ஒற்றை டிரான்ஸ்மிட்டர் பிரிவு போதும். ஆன்டெனாவுக்கு ஒரே கேபிளில் மூன்று டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இரண்டு கை வயர்): 20, 15, 10 மீட்டர். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 14.2க்கு ஒவ்வொரு கையும் 5.03 மீ, 21.25க்கு 3.36 மீ, 28.5க்கு 2.51 மீ. ஒவ்வொன்றிலும் 15, 20 செமீ கூடுதலாக விட்டு வெட்டுங்கள். பிளாஸ்டிக் உறையுள்ள வீட்டு வயர் என்றால் கடைசியில் கணக்கைவிட இரண்டு மூன்று சதவீதம் குட்டையாக நிற்கும். கைகளுக்கு இடையே பிவிசி குழாய்த் துண்டுகள் வைத்து 15 செமீக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். ஒட்டிக்கிடந்தால் ஒன்றை வெட்டும்போது மற்றது நகரும். நீளமானதை முதலில் ஒழுங்குபடுத்தி, 10 மீட்டரைக் கடைசியாகத் தொடுங்கள். ஃபீட் பாயின்டில் (ஆன்டெனாவோடு கேபிள் சேரும் இடத்தில்) கேபிளையே எட்டுப் பத்துச் சுற்று சுற்றி சோக் (தடுப்புச் சுருள்) போடாவிட்டால், கேபிளின் வெளி உறை வழியே ஆர்எஃப் இறங்கி மடிக்கணினியின் யுஎஸ்பி நின்றுபோகும். போட்டி நடுவில் லாக் உறைந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இங்கிருந்து நடு ஐரோப்பா சுமார் 320 டிகிரி, ஜப்பான் சுமார் 56 டிகிரி. வயரை வடகிழக்கு–தென்மேற்காக ஓட்டினால் அகலப் பக்கம் ஐரோப்பாவைப் பார்க்கும். ஜப்பான் முனைப்பக்கம் போய்விடுமே என்றால், கைகளைத் தாழ்த்தி தலைகீழ் வி வடிவில் கட்டினால் அந்தப் பக்கமும் ஓரளவு கிடைக்கும். இடம் தேர்வு செய்ய மலை உச்சிதான் வேண்டும் என்றில்லை. வடமேற்காகச் சரிந்து இறங்கும் நிலம் கிடைத்தால், கிடைமட்ட ஆன்டெனாவின் கதிர் தாழ்ந்த கோணத்தில் போகும். தொலைதூரத்துக்கு அதுதான் தேவை. போனில் சாய்வுமானியைத் திறந்து 320 டிகிரி பக்கம் தொடுவானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 5 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 10ஐத் தாண்டினால் வேறு இடம் பாருங்கள்; ஊட்டி நகர் போலக் கிண்ணத்துக்குள் இருக்கும் இடங்களில் இந்தச் சிக்கல் வரும். ஊட்டி அருகே முத்தோரைப் பக்கம் மட்டும் கள நிலையம் போடாதீர்கள். அங்கே 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்கிறது. நம் பேண்ட் வேறாக இருந்தாலும் அருகில் ரேடியோ இரைச்சல் கிளப்பாமல் இருப்பதுதான் முறை. கான்டெஸ்ட் இல்லாத நாளில் புதியவர்களை அங்கே அழைத்துப் போக அனுமதி கேட்டுப் பாருங்கள். சூரியக் காற்றை ஆராயும் இடம் அது, நம் பேண்டுகளைத் திறப்பதும் மூடுவதும் அதே சூரியன்தான்.

தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் உயரத்துக்கு அருமையானவை. உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வனத்துறை நிலத்தில் அனுமதியின்றி ஒரு கயிறுகூட வேண்டாம். உண்டிவில்லில் மீன்பிடி நூலும் ஈயக் குண்டும் கட்டி எறிந்து, நூலின் வழியே கயிற்றை ஏற்றலாம். காற்றில் மரம் ஆடும்போது இறுக்கிக் கட்டிய வயர் அறுந்துவிடும். ஒரு முனையில் கப்பி போட்டு, மண் நிரப்பிய சாக்குப் பையை எடையாகத் தொங்கவிடுங்கள். வயர் முனைகள் தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேலேயே இருக்க வேண்டும்: ஆள் தொட்டால் ஆர்எஃப் சுடும், காட்டெருமை நடந்தால் கொம்பில் மாட்டும். பனிமூட்டம் இறங்கும் ஊர் என்பதால் ஒவ்வொரு கனெக்டரின் மேலும் தானே ஒட்டும் ரப்பர் டேப், அதன் மேல் பிவிசி டேப். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மின்சாரம் போகும் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். 100 வாட் கருவி உச்சத்தில் 20 ஆம்பியர் இழுக்கும். எஸ்எஸ்பியில் சராசரி அதைவிட நன்றாகக் குறைவு. 100 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் ஏழெட்டு மணி நேரம் ஓடும். பேட்டரிக்கும் கருவிக்கும் இடையே 2 மீட்டருக்கு மேல் வேண்டாம், வயர் 6 சதுர மிமீ இருக்கட்டும். மெல்லிய வயரில் பேசும்போதெல்லாம் வோல்டேஜ் சரிந்து குரல் கெடும், கருவி அணைந்தும் போகும். பேட்டரியில் ஓடுவதில் இன்னொரு லாபம்: வீட்டு மெயினை அணைத்துவிட்டுக் கேட்டால், இரைச்சல் எல்இடி பல்பிலிருந்தா சார்ஜரிலிருந்தா வெளியிலிருந்தா என்று பிடித்துவிடலாம்.

அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைந்தால் நிறுத்துங்கள், கேபிளைக் கழற்றி வெளியே போடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே தொடுங்கள். எவ்வளவு நல்ல பைல்-அப் ஆனாலும் இதில் தளர்வு கிடையாது. இப்படிப் பறிபோன ஷிப்டுக்கு மாற்றாக மறுநாள் அதே நேரத்தை அந்தப் புதியவருக்கே கொடுங்கள்.

போட்டி முடிந்த பிறகான ஒரு வாரம் போட்டியைவிட முக்கியம். சிக்யூ வேர்ல்ட்வைடுக்கு லாக் அனுப்ப 5 நாள்தான் அவகாசம். லாக்கை அனுப்பும் வடிவமான கேப்ரில்லோ கோப்பைப் புதியவர்களையே தயாரிக்கச் சொல்லுங்கள். அனுப்பும் முன் பார்க்க வேண்டியது நேரம்: கணினி நம் நேரத்தை யூடிசி என்று எழுதியிருந்தால் எல்லாத் தொடர்பும் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போய், சரிபார்ப்பில் ஒன்றுகூடத் தேறாது. முதல் தொடர்பின் நேரம் 0000க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பல மாதம் கழித்து லாக் சரிபார்ப்பு அறிக்கை வரும். அதை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். எந்த எழுத்தை எதுவாகக் கேட்டோம் என்று வரிக்கு வரி அதில் இருக்கும். அதைவிட நல்ல பாடப்புத்தகம் இந்தத் துறையில் இல்லை. அதில் மூத்தவர்களின் தவறுகளும் இருக்கும், அதையும் மறைக்காமல் படிக்க வேண்டும்.

குழுவின் அழைப்புக்குறியில் செய்த தொடர்பு எதுவும் புதியவரின் சொந்தக் கணக்கில் சேராது. இதைப் பல குழுக்கள் கவனிப்பதில்லை. 100 நாடுகளுக்கான டிஎக்ஸ்சிசி விருதை நோக்கி அவர் ஒரு அடிகூட நகர்ந்திருக்க மாட்டார். இரண்டாவது அல்லது மூன்றாவது போட்டியில் அவர் தன் அழைப்புக்குறியில், தனி ஆபரேட்டராக ஓட்ட வேண்டும். அவரிடம் கருவி இல்லையென்றால் குழுவின் நிலையத்தை அந்த வார இறுதிக்கு அவர் பெயரில் விட்டுக்கொடுங்கள். சிக்யூ வேர்ல்ட்வைடில் உரிமம் பெற்று மூன்று ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு ரூக்கி என்றும், 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு யூத் என்றும் தனிப் பிரிவுகள் உண்டு. இரண்டும் தனி ஆபரேட்டருக்கு மட்டும். லாக் அனுப்பும்போது அதைக் குறிக்க மறந்தால் இருபது ஆண்டு அனுபவசாலிகளோடு ஒரே பட்டியலில் நிற்க வேண்டிவரும். தொடர்புகளை இணையத்தில் உறுதிப்படுத்தும் எல்ஓடிடபிள்யூவில் அவற்றை ஏற்றவும் கற்றுக்கொடுங்கள். உறுதிப்படுத்தல்கள் ஒவ்வொன்றாக வரும்போது ஆர்வம் தானே தொடரும்.

மோர்ஸில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜெனரல் தரத் தேர்வின் மோர்ஸ் நிமிடத்துக்கு 8 சொல். போட்டியில் ஓடுவது 25, 30. இந்த இடைவெளியைப் பார்த்து மிரண்டு நிறுத்துபவர்கள் நிறைய. மோர்ஸ் ரன்னர் மென்பொருளில் தினம் 15 நிமிடம் அழைப்புக்குறிகளை மட்டும் கேட்டால் போதும், நீண்ட வாக்கியம் தேவையில்லை. பிறகு புதன் மாலை 6:30க்கு நடக்கும் சிடபிள்யூடி என்ற ஒரு மணி நேர மோர்ஸ் போட்டியில் தேடிப் பிடித்து ஐந்தாறு பேரிடம் பேசலாம். வாரா வாரம் உண்டு, மழையோ பரீட்சையோ குறுக்கிட்டு ஒன்று போனாலும் அடுத்தது வந்துவிடும்.

நாட்காட்டியை நம் ஊருக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசியில் வரும் டபிள்யூபிஎக்ஸ் எஸ்எஸ்பி பரீட்சைக் காலம், மாணவர்களை வற்புறுத்தாதீர்கள். மே கடைசியில் டபிள்யூபிஎக்ஸ் சிடபிள்யூ (மோர்ஸ்) வரும்போது சீசன் கூட்டம். சமவெளியிலிருந்து உதவிக்கு வருபவர்கள் இ-பாஸ் எடுத்துத்தான் ஏற வேண்டும். ஜூலை இரண்டாவது முழு வார இறுதியில் வரும், உலக அமெச்சூர் வானொலிச் சங்கங்களின் கூட்டமைப்பான ஐஏஆர்யூவின் போட்டி 24 மணி நேரம் மட்டுமே, சனி மாலை 5:30 முதல் ஞாயிறு மாலை 5:30 வரை. ஞாயிறு பகல் முழுவதையும் புதியவர்களுக்கு ஒதுக்கலாம். அதில் அனுப்புவது வேறொரு மண்டலப் பிரிப்பான ஐடியூ மண்டலம் 41, 22 அல்ல; பழக்கத்தில் 22 என்று சொல்லிவிடாமல் இருக்க, எண்ணைப் பெரிதாக எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இன்னொன்று, 10 மீட்டர் இப்போது திறப்பது போல் எப்போதும் திறக்காது. 2024இல் உச்சம் தொட்ட சூரியச் சுழற்சி இறங்குமுகத்தில் இருக்கிறது. இப்போது சேருபவர்களை 20, 40 மீட்டர்களிலும் பழக்கிவிட்டால்தான் நாளை பேண்ட் மூடும்போது அவர்கள் மிஞ்சுவார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், செப்டம்பர் முதல் முழு வார இறுதியில் வரும் ஆல் ஏஷியன் ஃபோன் போட்டியைச் சொல்வேன். பரிமாற்றம் 59உம் ஆபரேட்டரின் வயதும் மட்டுமே; பெண் ஆபரேட்டர்கள் விரும்பினால் 00 சொல்லலாம். ஜப்பான் நிலையங்கள் ஏராளமாக வருவார்கள், நிதானமாகப் பேசுவார்கள். பதினேழு, பத்தொன்பது என்ற எண்களை மலையிலிருந்து கேட்கும்போது அவர்கள் கூடுதலாக ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போவதும் உண்டு. அன்று ஷிப்டு அட்டவணையில் காலை 6:30 முதல் 9:30 வரையும் பகல் 1 முதல் 6 வரையும் புதியவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள். மிச்சமிருக்கும் கட்டங்களில் மூத்தவர்கள் பெயரைப் போடுங்கள்.